ஹெடர் போல்ட் லூஸாகிறதா? கோடு போட்டுப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2012 கேமரோ எஸ்எஸ் கார், எல்எஸ்3 எஞ்சின். எஞ்சின் புகையை வெளியேற்றும் கம்பெனி மேனிஃபோல்டை எடுத்துவிட்டு லாங் டியூப் ஹெடர் (நீளமான புகைக் குழாய்த் தொகுதி) போட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ சத்தம். போல்ட்டுகளை முறுக்கினால் நின்றுவிடுகிறது, சில வாரத்தில் மறுபடி வருகிறது. போல்ட் திரும்பாமல் பிடித்துவைக்கும் லாக்கிங் போல்ட் செட் வாங்கலாமா? மரையில் தடவும் சிவப்பு லாக்டைட் பசையே போதும் என்கிறார் நண்பர்.

பதில்: அந்தச் சத்தம் ஹெடர் இணைப்பில் புகை கசிவதால் வருவது. லாக்டைட்டை விட்டுவிடுங்கள். சூடு தாங்கும் வகைகூடப் பெரும்பாலும் 230 டிகிரி செல்சியஸ் வரைதான். ஹெடர் அதையெல்லாம் சுலபமாகத் தாண்டிவிடும். சாதாரண ஸ்பிரிங் வாஷரும் அந்தச் சூட்டில் விறைப்பு இழந்து வெறும் தகடாகிவிடும்.

லாக்கிங் செட் வாங்குவதற்கு முன், போல்ட் உண்மையிலேயே திரும்புகிறதா என்று பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு எல்லாவற்றையும் முறுக்கி, போல்ட் தலையிலிருந்து ஃபிளாஞ்ச் (ஹெடரை எஞ்சினோடு இணைக்கும் தகடு) வரை சூடு தாங்கும் பெயின்ட் பேனாவால் ஒரே கோடு இழுங்கள். சத்தம் திரும்ப வந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் திரும்புகிறது. ஹெடர் பொருந்தும் எஞ்சின் ஹெட் அலுமினியம், ஹெடர் எஃகு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ஃபிளாஞ்ச் துளி நகர்ந்து போல்ட்டைக் கழற்றப் பார்க்கும். இதற்கு லாக்கிங் செட் சரியான மருந்து. தகடும் கிளிப்பும் வைத்த செட் என்றால், அந்தத் தகடு பக்கத்துக் குழாயிலோ அடுத்த போல்ட்டிலோ முட்டி நிற்க வேண்டும். அதற்கு இடம் இருக்கிறதா என்று ஹெடரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இடமில்லையென்றால் ஜோடியாக வரும் ஆப்பு வாஷர். சரிவான பல் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் காசு வீண்.

கோடு அப்படியே இருக்கிறது, ஆனாலும் ஸ்பேனர் இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது என்றால்? இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் அமுங்கிவிட்டது. எந்த லாக்கும் இதற்கு உதவாது. ஹெடருடன் இலவசமாக வரும் அட்டை மாதிரியான கேஸ்கெட்டில் இது சகஜம். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் வாங்கிப் போடுங்கள், லாக்கிங் செட்டை விடச் செலவு குறைவாகவே ஆகும். கழற்றிய கையோடு ஃபிளாஞ்ச் மீது ஸ்கேலை நிறுத்தி வைத்து, வெல்டிங்கில் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்திருந்தால் அதைச் சமன் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

என் கணிப்பு, உங்களுடையது கேஸ்கெட் கோளாறுதான். எதுவானாலும், புதிதாக மாட்டியபின் முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு ஆறவிட்டு ஒருமுறை முறுக்கத்தான் வேண்டும். லாக் வைத்திருந்தால் அதற்கும் கிளிப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே லாக்கைக் கடைசியில் மாட்டுங்கள்.

கேள்வி: எவ்வளவு முறுக்கலாம்? மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் தடவலாமா?

பதில்: இவை எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகள். 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு, ஹெடர் கம்பெனித் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில் முறுக்குங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று கையளவில் இழுத்தால் அலுமினிய மரை பிய்ந்து வந்துவிடும். நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் மெல்லியதாகத் தடவலாம், முக்கியமாகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட் என்றால். தாளில் உள்ள எண் உலர்ந்த மரைக்கானது என்றால் கொஞ்சம் குறைத்து முறுக்குங்கள். வழுக்கும் மரையில் அதே எண் போல்ட்டை அதிகம் இழுத்துவிடும்.