தலை சுற்றியது கொஞ்ச நேரம்தான், சனிக்கிழமை மேட்ச் ஆடலாமா டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. சில வருடங்களாக ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். போன ஞாயிறு ஆட்டத்தில் ஒரு பையன் பின்னாலிருந்து இடித்ததில் ரிங்க் (ஆடும் பனித்தளம்) ஓரத் தடுப்பில் மோதி விழுந்தான். மயக்கம் போடவில்லை. கொஞ்ச நேரம் தலை சுற்றல், இரவு தலைவலி, மறுநாள் வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை என்றான். இப்போது கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். நல்ல விலை கொடுத்து வாங்கிய ஹெல்மெட்தான் போட்டிருந்தான். சனிக்கிழமை மேட்ச்சில் ஆட விடலாமா? அடுத்த சீசனில் பாடி செக்கிங் (எதிராளியை உடம்பால் இடித்துத் தடுப்பது) உள்ள பிரிவுக்குப் போக வேண்டும், அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அவன் அப்பாவோ விளையாட்டு என்றால் அடி படத்தான் செய்யும் என்கிறார்.

பதில்: சனிக்கிழமை வேண்டாம். இன்றைக்கே கோச்சிடம் சொல்லிவிடுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது கன்கஷன் போலத்தான் இருக்கிறது. மூளை மண்டைக்குள் குலுங்கி, கொஞ்ச நாள் அதன் வேலை தடுமாறும் நிலை அது. மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் மயங்குவதே இல்லை. ஸ்கேனிலும் தெரியாது, ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான், அதனால் ஸ்கேன் நார்மல் என்பது ஆடலாம் என்பதற்கு அனுமதி ஆகாது. ஒரு டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் மரத்துப்போவது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, கழுத்து வலி, இதில் ஒன்று வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அவன் ஒன்றுமில்லை என்கிறானே என்பீர்கள். அங்கேதான் பிரச்சினையே. ஹாக்கி ஆடும் பிள்ளைகள் சாமர்த்தியமாக மறைப்பார்கள். டீமில் இடம் போய்விடும், பயந்தாங்கொள்ளி என்பார்கள், அப்பா முகம் சுருங்கும் என்று அவர்களுக்கு ஆயிரம் காரணம். நாமும் "ஒன்றுமில்லைதானே?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்காமல், பஸ்ஸில் படிக்கும்போது தலை வலித்ததா, வெளிச்சம் கூசுகிறதா, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறதா என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, பேச்சுவாக்கில் கேளுங்கள். உண்மையைச் சொன்னதற்காக அவனைப் பாராட்டவும் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை சொல்லமாட்டான். அதேபோல மேட்ச் முடிந்து காரில் வரும்போது ஆட்டத்தை அலசாதீர்கள். அந்த அரை மணி நேரம் அவனுடையது, பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அவன் அப்பா சொல்வது பாதி சரி. முட்டி வீங்கும், தோள் கன்றிப்போகும், அதெல்லாம் ஆட்டத்தோடு வருவதுதான். தலை மட்டும் அந்தக் கணக்கில் சேராது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் குணமாக நாள் இழுக்கும், மிக அபூர்வமாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

இருட்டறையில் படுக்கவைக்கும் பழைய வைத்தியம் இப்போது இல்லை. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போனும் டிவியும் குறைவாக, அவ்வளவுதான். அதன்பின் மெதுவாக நடக்கலாம், பள்ளிக்கும் போகலாம். முழு நேரமும் வகுப்பில் சிரமமில்லாமல் உட்கார முடிந்த பிறகுதான் ரிங்க் பற்றிய பேச்சு. முதலில் லேசான உடற்பயிற்சி, பிறகு தனியாக ஸ்கேட்டிங், தொந்தரவெல்லாம் முழுக்கப் போன பின் மோதல் இல்லாத டீம் பயிற்சி, டாக்டர் சரி சொன்னால் முழுப் பயிற்சி, கடைசியில்தான் மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். பெரும்பாலான பிள்ளைகள் 4 வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஹெல்மெட் விஷயம். அது மண்டையோடு உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இதுதான் நிலைமை, கன்கஷனே வராது என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஆனால் தாடைப் பட்டையைத் தொளதொளவென்று விட்டுக்கொண்டு ஆடினால் (இந்த வயதில் அது ஒரு ஸ்டைல்!) இருக்கிற பலனும் போய்விடும். பல்லுக்கு மேல் மாட்டும் மவுத் கார்டு போடச் சொல்லுங்கள். 2023ல் வெளியான சர்வதேச நிபுணர் குழு அறிக்கை, ஐஸ் ஹாக்கியில் மவுத் கார்டு போடுபவர்களுக்குக் கன்கஷன் சுமார் 28 சதவீதம் குறைவு என்கிறது. கழுத்துக் காப்பும் கட்டாயம். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் ஆட்டத்தின்போது ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டு இறந்துபோனார், அமெரிக்காவில் 2024 ஆகஸ்டிலிருந்து சிறுவர் பிரிவுகளுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

பாடி செக்கிங் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. மேலே சொன்ன அதே அறிக்கை, சிறுவர் ஆட்டத்தில் அதைத் தடை செய்த இடங்களில் மேட்ச்களில் ஏற்படும் கன்கஷன் 58 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. ஒரு சாதனத்தாலும் கிடைக்காத பலன் இது. அமெரிக்கா 2011லும் கனடா 2013லும் 11, 12 வயதுப் பிரிவில் அதை நிறுத்தியது சும்மா இல்லை. செக்கிங் இல்லாத பிரிவு உங்கள் பக்கம் இருந்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன், அங்கேயும் ஆட்டம் ஆட்டம்தான். இல்லை, அவன் அதில்தான் ஆடுவேன் என்கிறான் என்றால், சீசன் தொடங்கும் முன் மோதலை எப்படி வாங்குவது என்று முறையாகக் கற்றுக்கொடுப்பார்களா என்று கோச்சிடம் கேளுங்கள். தடுப்பை நோக்கிப் போகும்போது தலையைக் குனியக் கூடாது, நிமிர்ந்திருக்க வேண்டும். குனிந்த தலை தடுப்பில் இடித்தால் கழுத்தெலும்பு முறிந்து கை கால் செயலிழக்கலாம். பின்னாலிருந்து இடிப்பது விதிப்படி தவறு, இதைத் தன் டீம் பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்கிற கோச்சா என்று பாருங்கள். இந்தக் கேள்விகளுக்குச் சிரித்து மழுப்பினால் வேறு டீம் பாருங்கள்.