படையாச்சி என்று தேடினால்

வணக்கம் ஐயா,

பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி முனுசாமி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். 1890-க்கும் 1900-க்கும் நடுவில் என்று வீட்டில் சொல்வார்கள். திரும்பி வரவில்லை. தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் 'படையாச்சி' என்று போட்டால் பக்கம் பக்கமாக வருகிறது. அதில் எங்கள் பங்காளிகள் யார் என்று எப்படிப் பிரிப்பது?

கு.

அன்புள்ள கு.,

'படையாச்சி'யை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கப்பல் ஏறிய நாளில் முனுசாமிக்கு அது குடும்பப் பெயர் அல்ல. அப்படி ஒன்றை எழுதிக்கொள்ள அங்கே கட்டமே கிடையாது. நேட்டால் கப்பல் பட்டியலில் இருந்த கட்டங்கள் இவை: வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், கப்பல், வந்த தேதி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் முதல் 1911 வரை 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இப்படி எழுதப்பட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். இந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருப்பது டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம். நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கட்டங்களில் உங்களுக்கு உயிர் அந்த வரிசை எண். 'காலனி எண்' என்பார்கள். பெயர் பத்து விதமாக மாறும், எண் மாறாது. அவர் கல்யாணம் பதிந்தாலும், பிள்ளை பிறந்தாலும், ஒப்பந்தம் முடிந்து கடவுச்சீட்டு கேட்டாலும், முதலாளி மேல் புகார் கொடுத்தாலும் அந்த எண்ணைத்தான் எழுதினார்கள். ஆகவே இப்போது தேடுவது சொந்தக்காரரை அல்ல, ஓர் எண்ணை.

முனுசாமியை அவர்கள் எழுதிய விதத்துக்குத் தயாராக இருங்கள். 'மூன்சாமி', 'முன்சாமி', 'மூனோசாமி', 'முனிசாமி' எல்லாம் வரும். எழுதியவர் காதால் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினார். 'உ'வுக்கு யூ எழுத்து ஒருமுறை, இரட்டை ஓ ஒருமுறை. குப்புசாமி கே-யிலும் தொடங்குவார், சி-யிலும் தொடங்குவார். சாமியின் கடைசியில் ஒய், ஐ, இரட்டை ஈ மூன்றும் உண்டு. லட்சுமி 'லட்ச்மி' ஆவாள், 'லச்மி' ஆவாள். அம்மா என்று முடியும் பெயர்களின் வாலில் ஓர் எச் ஒட்டியிருக்கும். இதற்குமேல் கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தபோது யூ-வை என் என்றும், ஈ-யை சி என்றும் படித்த பிழைகள் வேறு. முழுப்பெயரைப் போட்டுத் தேடினால் ஏமாற்றம்தான். பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டு, தகப்பன் பெயர், ஜில்லா, வயது மூன்றையும் வைத்து வடிகட்டுங்கள். வயதுக்கு இரண்டு பக்கமும் ஐந்து வருஷம் இடம் விடுங்கள். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் இருப்பது குத்துமதிப்பு.

ஊர் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. தாலுகா கட்டத்தில் 'பண்ருட்டி' என்று தேடாதீர்கள். அன்றைக்குப் பண்ருட்டி கடலூர் தாலுகாவில் இருந்தது, ஜில்லா தென்னார்க்காடு. இப்போதைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைகளை மனதில் வைத்துக்கொண்டு பழைய பட்டியலைத் துழாவுகிறவர்கள் எல்லோரும் இதில்தான் வழுக்குகிறார்கள். ஆள் கிடைத்துவிட்டால் அவருக்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி படியுங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து புறப்பட்டவர்களுக்கு அடுத்தடுத்த எண் விழுந்திருக்கும். பக்கத்து வரியில் உங்கள் ஊர்ப் பெயர் இன்னொரு எழுத்துக்கூட்டலில் நின்றால், சந்தேகம் பாதி தீர்ந்தது. கப்பல் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள். 'உம்லாசி' போன்ற கப்பல்கள் பலமுறை போய்வந்தவை. தேதி வேண்டும்.

சாதிக் கட்டத்தில் 'படையாச்சி' என்றே இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். 'வன்னியர்' என்பதன் ஏதோ ஒரு சிதைவு இருக்கலாம். வன்னியர்களுக்குப் படையாச்சி, கவுண்டர், நாயக்கர் என்று ஊருக்கு ஊர் பட்டம் மாறுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே. அங்கே போய் அவை படயாச்சீ, கொவெண்டர், நைக்கர் என்று மூன்று தனிக் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. ஒரு தகப்பனின் இரண்டு பிள்ளைகள் இரண்டு பெயரில் பதிவாக வழி இருந்தது. பட்டமே இல்லாமல், தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடுவது இன்னும் சாதாரணம். முனுசாமியின் மகன் பெருமாள், 'பெருமாள் மூன்சாமி' என்று பதிவானால், பேரப்பிள்ளைகள் எல்லோரும் 'மூன்சாமி'தான். உங்கள் பங்காளிகள் நீங்கள் தேடிய பக்கங்களில் இல்லாமலே போகலாம். அந்தப் பக்கங்களில் இருப்பவர்களோ கடலூருக்கும் பண்ருட்டிக்கும் சம்பந்தமே இல்லாதவர்களாக இருக்கலாம். ஒரே பட்டம் என்பதால் சொந்தம் என்று நினைப்பது இங்கேயே தவறு, அங்கே இரட்டைத் தவறு.

எண் கையில் வந்தபின் நீங்கள் பார்த்த காப்பகத் தேடலுக்குத் திரும்புங்கள். என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். என்ற அந்த அமைப்பு கோப்புகளின் தலைப்பைத்தான் தேடுகிறது, உள்ளே இருக்கும் தாளை அல்ல. தரவுத்தளத்தில் என்.ஏ.பி. என்பதைத் தேர்ந்தெடுங்கள், அது பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகம். முடிவில் 'மூலம்' என்ற வரியைக் கவனியுங்கள். எம்.எஸ்.சி.இ. என்றால் இறந்தவரின் சொத்துக் கோப்பு. இரண்டு ஐ எழுத்து மட்டும் இருந்தால் இந்தியக் குடியேற்றத் துறை. இந்த இரண்டாவது வகைத் தலைப்புகளில் ஆளின் எண்ணே வருவதுண்டு, அதனால் பெயரில்லாமல் எண்ணை மட்டும் போட்டும் ஒருமுறை தேடுங்கள். தொகுதி எண், குறிப்பு எண் இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நகல் கேட்கும்போது அவை இல்லாமல் வேலை நடக்காது.

சொத்துக் கோப்பில் முக்கியமானது மரண அறிவிப்பு என்ற படிவம். பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் கேட்கப்பட்டிருக்கும். வம்சாவளி தேட உதவும் 'ஃபேமிலிசர்ச்' தளத்தில் நேட்டால் கோப்புகள் பலவற்றின் படங்களை இலவசக் கணக்கு தொடங்கிப் பார்க்கலாம். அங்கே தேடும்போது நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும், கேள்விக்குறி ஓர் எழுத்துக்கும் நிற்கும். 'முனுசாமி' போன்ற பெயருக்கு இது பெரிய வசதி. ஆனால் படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள். மகன் என்றால் நம்பலாம். அண்டை வீட்டுக்காரர் என்றால் பெற்றோர் பெயர் பெரும்பாலும் ஊகம். பிறந்த இடம் 'மெட்ராஸ்' அல்லது 'இந்தியா' என்றுதான் இருக்கும். சொத்தில்லாமல் இறந்தவருக்குக் கோப்பே இல்லாதிருக்கவும் கூடும்.

பட்டியலில் ஆளே இல்லை என்றால் மூன்று காரணம் பாருங்கள். வீட்டில் சொல்லும் வருஷம் தவறாக இருக்கலாம்: 1866-இல் நின்றுபோன ஆள்சேர்ப்பு 1874-இல்தான் மறுபடி தொடங்கியது, அந்த இடைவெளியில் ஒப்பந்தக் கப்பல் கிடையாது. சொந்தச் செலவில் போன 'பயணி இந்தியர்'களுக்குக் காலனி எண்ணே கிடையாது. நேட்டால் வழியாக வராமல் தென்னாப்பிரிக்கா சேர்ந்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடு மொரிஷியசில் பிறந்தவர், அவரை இந்தப் பட்டியலில் தேடினால் காணமுடியாது.

டர்பன் குடும்பம் எதற்காவது கடிதம் எழுதுவதானால், 'நீங்களும் படையாச்சிதானா' என்று தொடங்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் பழைய கல்யாணப் பதிவிலோ பிறப்புச் சான்றிலோ 'காலனி எண்' அல்லது 'இந்தியன் எண்' என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். முனுசாமியின் தகப்பனார் பெயரை நீங்கள் முதலில் சொல்லிவிட வேண்டாம். அவர்கள் தாளில் அது தானாக வரட்டும்.