இன்றைக்கு என்ற நாள்: தம்பதிகளின் கேள்விகளுக்குப் பதில்

எனக்குக் கல்யாணமாகி 34 வருஷம் ஆகிறது. களியக்காவிளைக்கு அருகே எங்கள் சபையில், கல்யாணத்துக்கு முந்தைய வகுப்பை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து எடுக்கிறோம். "இன்றைய நாளில் சேர்ந்து வாழுங்கள்" என்று அங்கே சொன்னதைக் கேட்டு, தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள் இவை.

அக்கா, இன்றைக்கு வாழ் என்றால் சேமிக்கவே வேண்டாமா? (நெய்யாற்றின்கரை)

சேமியுங்கள். பைபிளில் யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷம் தானியம் சேர்த்து வைத்தாரே! மத்தேயு 6:34 கவலையைத்தான் வேண்டாம் என்கிறது. மாசாமாசம் சீட்டுக் கட்டுவது நல்லதுதான். ராத்திரி முழுக்க அந்தச் சீட்டையே நினைத்துப் புரண்டு, பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் காய்ச்சல் அடிப்பதுகூடத் தெரியாமல் போனால், அது கவலை.

அவர் சவுதியில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. வீட்டு வேலை, பேங்க், சொந்தக்காரர் வீடு என்று அதுவும் ஓடிவிடுகிறது. ஏர்போர்ட்டில்தான் அழுகை வருகிறது. (அருமனை)

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் ஊரில் எத்தனை வீட்டுக் கதை இது!

புதிதாகக் கல்யாணம் செய்தவனைப் போருக்கு அனுப்பாமல், ஒரு வருஷம் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த விட வேண்டும் என்கிறது உபாகமம் 24:5. நமக்கு ஒரு வருஷம் கிடைக்காது. லீவின் முதல் மூன்று நாளைக் கேட்டு வாங்குங்கள். கொத்தனார் நான்காம் நாள் வரட்டும். மாமியாரிடம் அவரே முன்கூட்டி சொல்லிவிடட்டும், நீங்கள் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும்.

மீதி பதினோரு மாசம்? இங்கே ராத்திரி எட்டரை என்றால் அங்கே மாலை ஆறு. வேலை முடிந்து வரும் நேரம் அதுவானால், அப்போது பணக்கணக்கைத் தொடங்காதீர்கள், அதற்கு வாரத்தில் ஒரு நாள் போதும். இன்றைக்கு என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார் என்று கேளுங்கள். பலா பழுத்ததையும், பிள்ளை பள்ளியில் வாங்கிய திட்டையும் நீங்கள் சொல்லுங்கள்.

11 வருஷத்துக்கு முன் என் வீட்டில் அம்மாவோடு நடந்ததை என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். மன்னித்து மறக்க வேண்டாமா? (பாறசாலை)

தம்பி, அன்றைக்கு அவள் சொன்னபோது நீங்கள் முழுசாகக் கேட்டீர்களா? உங்களுக்கு ரப்பர் பால் எடுப்பது தெரியும். காலையில் வெட்டின பாலை அன்றைக்கே எடுக்காவிட்டால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பால் ஆகிவிடும், அப்புறம் ஷீட் அடிக்க முடியாது. பொழுது சாய்வதற்குள் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் 4:26 சொல்வதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் அப்பா இறந்த வாரமே என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். ஒன்பது வருஷம் அதைக் குத்திக் காட்டினேன். ஒரு மழைநாள் அவராகவே, "அன்றைக்கு உன் பக்கத்தில் இருந்திருக்கணும்" என்றார். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நீங்களும் இன்றைக்கு உட்கார்ந்து கேளுங்கள், அம்மாவுக்காக வாதாடாமல்.

குடித்துவிட்டு அடிக்கிறார். விடிந்ததும் "நேற்றை மறந்துவிடு" என்கிறார். (ஊர் வேண்டாம்)

மறக்காதே மகளே. நேற்று அடித்த கை இன்றைக்கும் அதே வீட்டில் இருக்கிறது. முதலில் பத்திரமான இடத்துக்குப் போ. 181 என்ற மகளிர் உதவி எண் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், அந்த வீட்டில் தங்கும் உரிமையையும் உனக்குத் தருகிறது. தள்ளி இருந்துகொண்டும் மன்னிக்கலாம். பொறுத்துப் போ என்று சபையில் யாராவது சொன்னால், என்னிடம் வா.

குழந்தை இல்லை. ஐந்து வருஷமாக எல்லாச் சந்தோஷத்தையும் அதற்குத் தள்ளி வைத்திருக்கிறோம். (மார்த்தாண்டம்)

டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள், மனைவி மட்டும் அல்ல. தள்ளி வைத்த பயணத்தை இந்த மாசமே போய் வாருங்கள்.

குடும்ப ஜெபத்தில் அவர் மனசு போனிலேயே இருக்கிறது. (குழித்துறை)

நீளமாக ஜெபிக்கிறீர்களோ? எங்கள் வீட்டில் பத்து நிமிஷம்தான். இரண்டு போனும் அடுக்களையில் இருக்கும். அன்றைக்கு நடந்த ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்வோம், அதற்காக மற்றவர் ஜெபிப்பார். நேற்று அவர் முழங்கால் வலி என்றார். இந்த 34 வருஷத்தில் வலி என்று அவர் வாயால் நான் கேட்டது அது இரண்டாவது தடவை.