களத்துமேட்டில் யாருக்கு எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சமூகவியல் முதுகலை படிக்கிறேன். "அந்தக் காலத்துல களத்துல நெல் அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான் எல்லாருக்கும் பங்கு போகும், ஊர்ல யாரும் பட்டினி கிடந்ததில்லை" என்று என் தாத்தா சொல்வார். வகுப்பில் செயல்பாட்டுவாதம் (சமூகத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுச் சமூகத்தையும் நிலைநிறுத்த ஒரு வேலையைச் செய்கிறது என்ற கோட்பாடு) நடத்தியபோது அவர் பேச்சையே பாடமாகக் கேட்பதுபோல் இருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கும் என் நண்பனோ, அது சுத்தமான சுரண்டல், மார்க்சியத்தைத் தவிர வேறெதுவும் அதை விளக்காது என்கிறான். இரண்டிலும் உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. எங்கள் ஊரைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதப்போகிறேன். எந்தப் பார்வையை எடுத்துக்கொள்வது?

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. களத்தில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பங்கு போனது உண்மை. ஆனால் யாருக்கு எவ்வளவு போனது, வேண்டாம் என்றால் விட்டுப் போக முடிந்ததா என்ற இரண்டு கேள்விகளும் அவர் பேச்சில் இல்லை. செயல்பாட்டுவாதத்தை எழுதியவர்களில் பலரும் இவற்றைக் கேட்காமல்தான் விட்டார்கள்.

அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆளுக்கொரு வேலை என்று பிரிந்துகிடக்கும் சமூகம் ஏன் சிதறிப்போகாமல் நிற்கிறது என்பது பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைமின் கேள்வி. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆகாது என்பதே மனிதர்களைக் கட்டி வைக்கிறது என்று 1893ல் வந்த தன் நூலில் அவர் பதில் சொன்னார். டெல்டாக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. தலைமடையில் இருப்பவன் மதகை இறக்காவிட்டால் கடைமடையில் நாற்று கருகும். ஊர் கூடி வாய்க்காலைத் தூர்வாராவிட்டால் மேட்டூரில் தண்ணீர் திறந்தும் பயனில்லை. அந்தக் கூட்டுழைப்பு நிஜம். அதைப் பார்க்கத் தெரியாத மார்க்சியர் டெல்டாவைப் பாதிதான் பார்க்கிறார். ஆனால் துர்க்கைம் அதே நூலில் கட்டாயத்தால் நடக்கும் உழைப்புப் பிரிவினையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பிறப்பை வைத்து வேலையைத் திணித்தால் அங்கே ஒற்றுமை விளையாது என்பது அவர் கருத்து. பாடப் புத்தகங்கள் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகின்றன. அதைத் தேடிப் படியுங்கள்.

நீங்கள் அவசியம் படிக்க வேண்டிய இன்னொருவர் கேத்லீன் கஃப். பிரிட்டிஷ் மானுடவியலில் பயிற்சி பெற்று வந்து, 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தவர். அந்தப் பயிற்சி செயல்பாட்டுவாதம் ஊறியது. ஊரின் அமைப்பு என்ன, எந்தச் சாதிக்கு என்ன கடமை, எது எதோடு பொருந்துகிறது என்று தேடுவது. பின்னாளில் அவர் மார்க்சியராகி, அதே களக்குறிப்புகளை வைத்து 1981ல் ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் நிலம் யார் கையில் இருக்கிறது, விளைச்சலின் உபரி எங்கே போகிறது, பண்ணையாளை, அதாவது ஒரே நிலக்காரரிடம் கட்டுப்பட்டு உழைத்த தொழிலாளியை, கட்டிப்போட்ட கடன் எது என்பவை முன்னுக்கு வந்தன. ஊர் அதுதான், குறிப்புகளும் அவைதான், கேட்ட கேள்விதான் மாறியது. ஒரே ஆராய்ச்சியாளர் தன் வாழ்நாளில் இரண்டு பார்வையையும் நம் மண்ணில் வைத்துப் பார்த்திருக்கிறார். உங்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது.

அப்புறம், 1952ல் வந்த தஞ்சாவூர் சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பண்ணையாளின் கூலியை அது உயர்த்தியது, காரணமில்லாமல் வெளியேற்றக் கூடாது என்றது. நிலவுடைமையாளரான மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் இருந்தது பரஸ்பரக் கடமை என்றால் இந்தச் சட்டத்தில் பயப்பட என்ன இருந்தது? தலைமுறை தலைமுறையாகச் செய்ததாகச் சொல்லிக்கொண்டதைத்தானே அது எழுத்தில் கேட்டது? ஆனால் பல மிராசுதாரர்கள் பண்ணையாட்களை விலக்கிவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைக்க ஆரம்பித்தார்கள். கடமை செலவாக மாறியதும் உறவை அறுத்துவிட்டார்கள். அதுவரை அந்த உறவு நிலைத்ததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. பண்ணையாளுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, போக வேறு இடமும் இல்லை. இந்த இடத்தில் உங்கள் நண்பன் சொல்வதுதான் சரி.

ஆனால் அவரிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. கோயில் திருவிழா ஆளும் வர்க்கத்துக்குப் பயன்படுகிறது, அதனால்தான் நடக்கிறது என்று நம் தோழர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பயன்படுகிறது, ஆகவே இருக்கிறது என்பது அச்சு அசலாகச் செயல்பாட்டுவாதியின் வாதம். சமூகம் என்று இருந்த இடத்தில் ஆளும் வர்க்கம் என்று போட்டதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. யார், எந்த வழியில், எந்தக் கருவியைக் கொண்டு அதை நிலைநிறுத்தினார்கள் என்று காட்டினால்தான் விளக்கம் முழுமையாகும். கடன், மனைக்கட்டு, சவுக்கடி, போலீஸ் என்று காட்ட வேண்டும். பயன் என்றால் யாருக்குப் பயன் என்று கேட்கச் சொன்ன அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் செயல்பாட்டுவாதத்துக்கு உள்ளேயே இருந்தவர் என்பதை நண்பனிடம் சொல்லுங்கள்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கிராமமான கீழ்வெண்மணிக்கு வருகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அதற்குப் பின்னணி. அமைதியாக இயங்கிய ஊரில் வெளியிலிருந்து வந்த கோளாறு என்று இதை விளக்கவே முடியாது. நெல்லை அளந்த அதே களத்திலிருந்துதான் அந்தத் தீ வந்தது. கூலிப் போராட்டம் என்று மட்டும் சொன்னாலும் போதாது. சங்கத்தில் பிற சாதித் தொழிலாளர்களும் இருந்தார்கள். எரிந்ததோ சேரி. வர்க்கம் சண்டையின் காரணத்தைச் சொல்கிறது. யாரை உயிரோடு எரிக்கலாம் என்ற துணிவு எங்கிருந்து வந்தது என்பதைச் சாதியைப் பேசாமல் சொல்ல முடியாது. இதைப் பேச இடதுசாரிகள் நெடுங்காலம் தயங்கினார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

எனவே முதலில் ஒரு பார்வையைத் தேர்ந்துகொண்டு ஊருக்குள் போகாதீர்கள். எது எதோடு பொருந்தி ஓடியது என்று செயல்பாட்டுவாதி போலக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே, யாருடைய செலவில் என்று கேளுங்கள். தாத்தாவிடம் பேசிவிட்டீர்கள். தெருவைத் தாண்டிப் போய், அவர் வயலில் நடவு நட்ட வயதான பெண்களிடமும் பேசுங்கள். களத்தில் அவர்களுக்கு அளந்த மரக்காலும் மிராசுதார் வீட்டு மரக்காலும் ஒன்றுதானா, பங்கு கடைசியாக யாருக்குப் போனது, ஐப்பசி கார்த்திகை மழையில் வேலையில்லாத நாட்களில் என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று கேளுங்கள். பட்டினி பற்றி உங்கள் தாத்தா சொன்னதை அவர்களிடம் அப்படியே சொல்லி, அவர்கள் பதிலை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை அதிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்.