டா நாங் கடலில் அக்டோபரில் குளிக்கலாமா?

கேள்வி: அக்டோபரில் குடும்பத்தோடு வியட்நாமின் டா நாங் போகிறோம். மீ கே கடற்கரையில் குழந்தைகள் குளிக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தேதியை மாற்ற முடியுமென்றால் மாற்றிவிடுங்கள். அக்டோபர், நவம்பரில்தான் அங்கே அடைமழை, புயலும் வரும், கடல் கொந்தளிக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். போயே ஆகவேண்டும் என்றால் சிவப்புக் கொடி நட்ட இடத்தில் குழந்தைகளைக் கணுக்கால் நனையக்கூட விடாதீர்கள், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் நீரோட்டம் உள்ளே இழுத்துவிடும்.

வெயில் காலத்தில் போனால் விடியற்காலை ஐந்து மணிக்கே மணலில் இருங்கள். ஊர்க்காரர்கள் அப்போதுதான் நீந்த வருவார்கள், வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார்கள், அப்புறம் மாலையில்தான் பார்க்கலாம். கிழக்கே பார்த்த கடல் என்பதால் சூரிய உதயம் நேர் எதிரே. அப்படியே வடக்கே நடந்தால் சோன் த்ரா மலையடியில் மான் தாய் என்ற மீனவர் பகுதி வரும், மூங்கில் பின்னிப் பிசின் பூசிய வட்டப் பரிசல்கள் கரையில் கிடக்கும். நம் ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்கு அதில் கடலுக்குள் போகிறார்கள் என்பதே ஆச்சரியமாக இருக்கும்! மலைமேல் லின் உங் என்ற புத்தர் கோயிலில் கருணைத் தெய்வமான குவான் ஆமின் 67 மீட்டர் உயரச் சிலையும் உண்டு.

மழை பிடித்துக்கொண்டால் அறையிலேயே முடங்காமல் சாம் சிற்ப அருங்காட்சியகம் போங்கள், சாம் என்பவர்கள் இந்தப் பகுதியை ஆண்ட பழைய சம்பா நாட்டு மக்கள், அவர்கள் செதுக்கிய சிவலிங்கங்களும் பிள்ளையாரும் இருக்கிறார்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள்.