கிணற்றுக்குள் வண்டி ஓட்டாதீர்கள்

கேள்வி: நார்வேயில் படித்து வளர்ந்தவள் நான். எண்ணெய்க் கிணறு துளையிடும் ரிக் ஒன்றின் அன்றாட அறிக்கைகளை ஆங்கிலத்தில் தரும் வேலை கிடைத்திருக்கிறது. நார்வேஜியம் முழுக்கப் புரிகிறது. ஆனால் என் ஆங்கிலத்தைப் படித்த பொறியாளர் சிரிக்கிறார். எந்த அகராதி வாங்கலாம்?

பதில்: அகராதியை அப்புறம் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஒரு வரி: குழாய்த் தொடரை மேலே இழுத்தார்கள், 'போரெக்ரோனெ'யை மாற்றினார்கள், 2,450 மீட்டர் வரை 'ஷோர்த்தெ இன்'. முன்னதை 'டிரில் கிரவுன்' என்றும் பின்னதை 'டிரோவ் இன்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். க்ரோனெ என்றால் கிரீடம்தான். ஷோரெ என்றால் வண்டி ஓட்டுவதுதான். ஆனால் ரிக்கில் 'கிரவுன்' என்றால் கப்பிகள் இருக்கும் கோபுர உச்சி. கிணற்றடியில் தேய்ந்த பல்லை மாற்றிய செய்தியைப் படித்துவிட்டுப் பாவம் அவர் அண்ணாந்து பார்த்திருப்பார். அங்கே வேண்டியது 'பிட்', அதாவது குழாய்த் தொடரின் நுனியில் பாறையைத் துளைக்கும் கருவி. குழாயை இறக்குவது 'ரன் இன் ஹோல்'.

வட கடலில் நார்வேப் பகுதியில் உள்ள எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலை 1969-இல் கண்டுபிடித்தது அமெரிக்காவின் பிலிப்ஸ் நிறுவனம். தொழிலோடு அதன் பேச்சும் அங்கிருந்தே கப்பலேறி வந்தது. துளையிடுவது பற்றிய நார்வேஜியச் சொற்களில் பல, அந்த ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாகப் பிறகு உண்டானவை. ஆகவே உங்கள் வேலை பெரும்பாலும் சொல்லை அதன் தாய்வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான். 'ரிங்ரும்' வளைய அறை அல்ல, ஆன்யுலஸ், அதாவது குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி. 'ஸ்டீகெரோர்' ரைசர், கடலடியிலிருந்து ரிக்குக்கு ஏறும் குழாய். 'வெக்ட்ரோர்' டிரில் காலர், பிட்டின் மேல் பாரம் ஏற்றும் கனத்த குழாய்.

இவற்றில் தவறினால் சிரிப்போடு போய்விடும். 'ஃபோரிங்ஸ்ரோர்' அப்படியல்ல. சட்டைக்கு உள்துணி கொடுப்பதுபோலக் கிணற்றுச் சுவருக்கு உள்ளே இறக்கும் எஃகுக் குழாய் அது. உள்துணி என்றதும் கை தானாக 'லைனர்' என்று எழுதிவிடும். சரியான சொல் கேசிங். லைனர் வேறொரு குழாய். கிணற்றுத் தலைவரை வராமல், முன்பு இறக்கிய கேசிங்கின் அடிப்பகுதியில் தொங்குவது. இரண்டும் மாறினால், எந்தக் குழாய் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்ற கணக்கே புரண்டுவிடும்.

பதவிப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். 'போரெஷேஃப்', 'போரெலேதர்' இரண்டுமே துளையிடும் வேலையின் தலைவர் என்றுதான் ஒலிக்கும். முன்னவர் ரிக் நிறுவனத்து ஆள், ஆங்கிலத்தில் டூல்புஷர். பின்னவர் வேலை கொடுத்த எண்ணெய் நிறுவனத்தின் ஆள், டிரில்லிங் சூப்பர்வைசர். உத்தரவு யாருடையது என்ற வழக்கு வந்தால் உங்கள் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.

சட்டமும் அரசும் ஆக்கிய சொற்களுக்குத் தாய்வீடு நார்வேதான். அங்கே அரசு என்ன ஆங்கிலம் வைத்திருக்கிறதோ அதுவே முடிவு. 'உட்வின்னிங்ஸ்தில்லாத்தெல்செ' என்பதை எடுப்பு அனுமதி என்று பெயர்க்கத் தோன்றும். அரசின் ஆங்கிலத்தில் அது 'புரொடக்‌ஷன் லைசென்ஸ்'. 'உன்னெர்சோக்கெல்செஸ்ப்ரொன்', சொல்லளவில் ஆய்வுக் கிணறு, புதிய இடத்தில் எண்ணெய் உண்டா என்று தேடித் துளைப்பது, 'வைல்ட்கேட்' ஆகிறது! 'ப்ரொன்' கிணறு, 'ப்ரொன்பானெ' வெல்போர், அதாவது கிணற்றில் துளை செல்லும் பாதை. ஒரே கிணற்றில் பல வெல்போர்கள் கிளைக்கலாம் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது. நார்வே அரசின் எண்ணெய் இயக்ககம் 2024 ஜனவரியில் 'சொக்கெல்டிரெக்டொராடெ' ஆனது. சொக்கெல் என்றால் கடலடித் திட்டு, அதாவது ஷெல்ஃப். ஆனால் அது தனக்கு வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயர் 'நார்வீஜியன் ஆஃப்ஷோர் டைரக்டரேட்'. பழைய ஆவணமானால் பழைய பெயரையே வையுங்கள்.

எண்களில் 1,25 என்றிருந்தால் 1.25. 'மில்லியார்ட்' நூறு கோடி, ஆங்கிலத்தில் பில்லியன். நார்வேஜிய 'பில்லியோன்' லட்சம் கோடி.

இனி அகராதி. காசு கொடுத்து வாங்குமுன் அந்த இயக்ககத்தின் கிணற்றுத் தகவல் பக்கங்களை நார்வேஜியத்திலும் ஆங்கிலத்திலும் அருகருகே திறந்து வையுங்கள். 1996-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்துக்கும் ஆங்கில வடிவம் உண்டு. மீதிக்குச் சிரித்த பொறியாளரையே பிடியுங்கள். சிரிக்கிறவருக்குச் சரியான சொல் தெரிந்திருக்கும். அறிக்கை எழுதுகிறவர்களே பல இடங்களில் ஆங்கிலச் சொல்லுக்கு நார்வேஜிய விகுதி ஒட்டி 'கேசிங்கென்' என்று எழுதியிருப்பார்கள். அங்கே அந்த வாலை நறுக்கினால் போதும்.