பட்டறைக்கு எந்த இன்ஷூரன்ஸ் முதலில்?

கேள்வி: வாடகை இடத்தில் மரச்சாமான் பட்டறை நடத்துகிறேன். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். இயந்திரம் வாங்கக் கடன் கொடுத்தபோதே வங்கி ஒரு தீ விபத்து பாலிசி போட்டுவிட்டது. இப்போது ஓர் ஏஜென்ட் திருட்டு, பொறுப்பு, தொழில் முடக்கம், கண்ணாடி உடைதல் என்று ஏழெட்டு பாலிசிகளை நீட்டுகிறார். எல்லாம் எடுத்தால் பிரீமியமே கழுத்தை நெரிக்கும். எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: ஏஜென்ட் கொடுத்த தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, வங்கி போட்ட பாலிசியை எடுத்துப் படியுங்கள். அது உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்திருப்பீர்கள். வங்கிக்குத் தன் கடன் திரும்ப வரவேண்டும், அவ்வளவுதான். இயந்திரத்துக்கு மட்டும், அதுவும் கடன் பாக்கி அளவுக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கக்கூடும். கிளைம் பணம் முதலில் வங்கிக்குப் போகும் என்றும் எழுதியிருப்பார்கள். வாங்கி அடுக்கிய மரம், செய்து முடித்த சாமான் இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாலிஷ் போடச் சொல்லி யாராவது விட்டுச்சென்ற பழைய மேசை எரிந்தால்? அது உங்கள் சொத்து இல்லை. உங்கள் பொறுப்பில் இருக்கும் பிறர் பொருள் என்று தனியாகச் சேர்க்காவிட்டால் பெரும்பாலும் அதற்கு எதுவும் கிடைக்காது.

சரி, எது முதலில்? ஒவ்வொரு பாலிசியையும் கையில் வைத்துக்கொண்டு, 'இது நடந்தால் பட்டறையை மூடவேண்டி வருமா?' என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் மூட மாட்டீர்கள், கைக்காசில் மாற்றிவிடுவீர்கள். அதை விட்டுவிடுங்கள். தீ, ரம்பத்தில் தொழிலாளியின் கை சிக்குவது, நீங்கள் செய்த கட்டில் முறிந்து ஒருவர் படுகாயமடைவது, இந்த மூன்றும் மூட வைக்கும். ஆகவே தீ, தொழிலாளர் இழப்பீடு, மூன்றாம் நபர் பொறுப்பு என்பதுதான் என் வரிசை. தொழிலாளர் காப்பீட்டைப் பல நாடுகளில் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது, அங்கே விருப்பத்துக்கு இடமில்லை. பொறுப்பு பாலிசியில் ஒன்றைக் கவனியுங்கள்: பட்டறைக்குள் வந்தவர் வழுக்கி விழுவது வேறு, விற்ற பொருளால் வீட்டில் அடிபடுவது வேறு. உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

பாலிசியைத் தேர்ந்தெடுப்பதைவிடத் தொகையைக் குறிப்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பட்டறையில் உள்ளவற்றின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் குறையட்டும் என்று 60-க்குக் காப்பீடு எடுக்கிறீர்கள். தீ விபத்தில் பாதி போய்விடுகிறது, இழப்பு 50. கையில்தான் 60-க்குப் பாலிசி இருக்கிறதே, 50 முழுசாக வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வராது. 100-க்கு 60 தான் காட்டியிருக்கிறீர்கள் என்பதால் இழப்பிலும் 60 சதவீதம், அதாவது 30 தான் கொடுப்பார்கள். இதை ஆவரேஜ் விதி என்பார்கள், சொத்துக் காப்பீட்டில் பரவலாக உண்டு. இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்து கணக்குப் போடும்போதுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது.

ஆகவே சராசரி நாளின் சரக்கை எழுதாதீர்கள், ஆர்டர் குவிந்து மரம் நிரம்பியிருக்கும் மாதத்தின் கணக்கை எழுதுங்கள். இயந்திரத்துக்குப் புதிதாக வாங்கும் விலை கிடைக்குமா, தேய்மானம் கழித்துத்தான் கிடைக்குமா என்றும் கேளுங்கள். எட்டு வருடம் ஓடிய இழைப்பு இயந்திரத்துக்குத் தேய்மானம் கழித்து வரும் பணத்தில் புதிது வாங்க முடியாது.

பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமென்றால் டிடக்டிபிளை, அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்கும் முதல் தொகையை, கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். தொகையைக் குறைத்து எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

தொழில் முடக்கக் காப்பீடு, நான்கைந்து மாதம் வருமானமே இல்லாவிட்டால் வாடகையும் சம்பளமும் கொடுக்க முடியாதவர்களுக்கு நல்லது. நீங்கள் அப்படித்தான் என்று தோன்றுகிறது, கையில் மிச்சமிருந்தால் எடுங்கள். ஆனால் பட்டறை எந்தக் காரணத்தால் மூடினாலும் பணம் வரும் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில், காப்பீடு செய்த ஆபத்தால் சொத்துக்குச் சேதம் வந்து அதனால் தொழில் நின்றால்தான் பணம். 2020-ல் கொரோனா ஊரடங்கில் கடை மூடியவர்கள் கிளைம் கேட்டபோது பல நாடுகளில் இதை வைத்தே பெரிய வழக்குகள் நடந்தன. கட்டடத்துக்கு ஒரு கீறலும் இல்லையே என்றன காப்பீட்டு நிறுவனங்கள்.

திருட்டு பாலிசி உங்கள் முடிவு. பூட்டை உடைத்த அடையாளம் இல்லாவிட்டால் பலவற்றில் பணம் வராது. உள்ளே வேலை செய்பவரே எடுத்துப்போனால் அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

விண்ணப்பத்தில் வார்னிஷ், தின்னர் எல்லாம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். பிரீமியம் சற்று ஏறும், ஏறட்டும். மறைத்தது தெரிந்தால் கிளைமையே நிராகரிக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். அப்புறம், இயந்திர பில்களையும் சரக்குக் கணக்கையும் படமெடுத்து வீட்டிலோ மின்னஞ்சலிலோ வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை மேசை டிராயரிலேயே வைத்தால் அவையும் சேர்ந்தே எரியும்.